சந்தனம் துடைக்கும் கிண்ணம்

போன வாரம் பவானி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, ஆய்வுக்கு ஆளுங்க வர்றாங்க. எடை மெஷின் பக்கத்துல ஒரு எவர்சில்வர் கிண்ணமும் வெள்ளைத் துணியும் வெச்சிருக்கீங்களே, அது எந்த விதிமுறையிலயும் இல்லையாம். எடுத்துடட்டுமா?"

"எடுத்தா அடுத்த பஸ் ஏறி வந்துடுவேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று புரிந்ததும், "அப்படி இன்னாக்கா இருக்குது அதுல?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் புத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, நர்சிங் படிப்பில் இங்கிலீஷ் என்று மூன்றையும் குழப்பிக்கொண்டு பாஸ் செய்தவள். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊசி போடவும், படுக்கை விரிக்கவும், திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். முதல் வேலை சித்தூரில், அவசரப் பிரிவில். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருந்தது.

சித்தூரில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பலமனேர் பக்கத்திலிருந்து வலிப்போடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர், "எத்தனை கிலோ?" என்று கேட்டார். ஒரு நர்ஸ் பத்து இருக்கும் என்றாள். இன்னொருத்தி பதினாலு என்றாள். அம்மாவைக் கேட்டால், "ஒல்லிதான் சார்" என்றாள். குத்துமதிப்பாகத்தான் மருந்து போனது. வலிப்பு நின்றது, கூடவே மூச்சும் தளர்ந்தது. மூச்சுக் கொடுக்க முகமூடியைத் தேடினால் பெரியவர்களுடையதுதான் இருந்தது. அதை வைத்தால் குழந்தையின் கண்ணிலிருந்து தாடை வரை மூடிவிட்டது. விளிம்பை நாலு பேர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குழந்தையைக் காப்பாற்றினோம். யார் மேலும் தப்பில்லை. பெரியவர்களுக்காகக் கட்டிய அறை அது. அங்கே குழந்தை வந்தால் எல்லோரும் ஆஸ்பத்திரி முழுக்கத் தேட வேண்டியிருந்தது.

அதற்குப் பல வருஷம் கழித்துத் திருப்பதிக்கு மாற்றலாகி வந்தேன். அங்கேதான் டாக்டர் வசுந்தரா இருந்தார். எல்லோரும் மேடம் என்போம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அவசரப் பிரிவுக்கு வர்ற பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு நர்ஸ் வேணும். நீ இரு" என்றார். மேடத்தின் தமிழ் தெலுங்கில் ஊறிய தமிழ். உத்தரவில் வேலைக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. குழந்தைகள் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். வார்டு ஆயாக்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் அதை இரண்டே வார்த்தையாக்கிவிட்டார்கள். பிள்ளைங்க சிஸ்டர்.

என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. வருகிற குழந்தை ஒவ்வொன்றையும் டாக்டர் தொடுவதற்கு முன்னால் எடை போட வேண்டும். அந்த எடை எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டில் தலைமாட்டில் எழுதப்பட வேண்டும். குழாய், முகமூடி, மருந்து எல்லாம் எடைவாரியாகப் பிரித்த டிராயரில் இருக்க வேண்டும். எந்த டிராயர் என்று யோசிக்கவே கூடாது. கூட வந்தவர்களில் ஒருவர் குழந்தையின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். யாரும் அவரை வெளியே துரத்தக் கூடாது. இதையெல்லாம் பொம்மையை வைத்து மாதாமாதம் ஒத்திகை பார்ப்போம். புதிதாக வந்த ஆண் நர்சுகள் பொம்மையைப் பார்த்து முதலில் இளிப்பார்கள். இரண்டாவது மாதம் இளிக்க மாட்டார்கள்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணுவார். பெற்றவர்களைவிடத் தாழ்வான ஸ்டூலாகப் பார்த்து உட்காருவார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "பாப்ப சிவரிசாரி எப்புடு நவ்விந்தம்மா?" குழந்தை கடைசியாக எப்போது சிரித்தது என்று. முதல் தடவை கேட்டபோது இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "என்ன ஆச்சுன்னு கேட்டா நோவைச் சொல்வாங்க. அவங்களுக்கு நோவு தெரியாது. எப்ப சிரிச்சதுன்னு கேட்டா அன்னிக்கி நடந்ததச் சொல்வாங்க. அது அவங்களுக்கு நல்லா தெரியும்." சிரித்த நேரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் வரைக்கும் அவர் பொறுமையாக நடந்து வருவார். எங்கே வழி விட்டுப்போகிறதோ, அங்கேதான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

இனி கிண்ணத்துக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சாந்திபுரம் பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர், முனிரத்தினம் என்று வைத்துக்கொள்வோம். மனைவி சுமதி. முதல் குழந்தை மொட்டை போடுவதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டது. இரண்டாவதாகப் பிறந்த பெண் தேஜுவுக்கு மலையில் மொட்டை போட்டுப் பெருமாளைப் பார்க்க வைக்கிறேன் என்று வேண்டுதல். சுமதியின் தம்பி கோபி, தாய்மாமன், டெம்போ ஓட்டுகிறவன். அவன் மடியில் வைத்துத்தான் மொட்டை நடந்தது. காலையில் மொட்டை, சாயங்காலம் தரிசனம். நடுவில் குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு போகவே ஜீப் பிடித்துக் கீழே எங்களிடம் தூக்கிவந்தார்கள்.

திருப்பதியில் இது தினமும் வருகிற கேஸ். வெயில், கூட்டம், வேளை தப்பிய சாப்பாடு, வாந்தி. எடை போட்டேன், எழுதினேன், துணியைக் கழற்றினேன். குழந்தையை உச்சி முதல் உள்ளங்கால் வரை துணியில்லாமல் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். பார்த்தோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலையில் மட்டும் காய்ந்த சந்தனம், மொட்டை போட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பது போல.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், பவானி. திருப்பதியில் வேலை செய்கிற எங்கள் யார் கையும் அந்தச் சந்தனத்துக்குக் கீழே போனதில்லை. அப்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சட்டையைக் கழற்றுவோம், அரைஞாணை விலக்குவோம், கட்டிவந்த பச்சிலையை அவிழ்ப்போம். மலையில் பூசிய சந்தனத்தின் விளிம்பு வந்ததும் கை தானாக நின்றுவிடும். உச்சி முதல் என்று சட்டம் போட்டுவிட்டு நெற்றியிலிருந்துதான் ஆரம்பித்துக்கொண்டிருந்தோம். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இது நடந்திருக்காது.

ட்யூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். நீர் வற்றிப்போயிருக்கிறது என்று சலைன் ஏற்றினார். ஆனால் அவருக்கே திருப்தி இல்லை. நீர் வற்றிய குழந்தைக்கு நாடி வேகமாக அடிக்கும். இந்தக் குழந்தைக்கு நிதானமாக, பெரியவர்களுக்கு அடிப்பது போல அடித்தது. "எனக்கு இது பிடிக்கல சிஸ்டர்" என்று சொல்லி அவரே மேடத்தைக் கூப்பிட்டார்.

மேடம் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கேள்வியைக் கேட்டார்.

சுமதி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "சந்தனம் பூசினப்ப சிரிச்சிது மேடம். கண்ணாடி காட்னா, அதுல தன் மொட்டையப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிச்சிது."

"அப்புறம்?"

"அப்புறம் நானும் அவரும் குளிக்கப் போய்ட்டோம். தம்பிகிட்டதான் இருந்துச்சி. வந்து பாத்தா தூங்கிக்கினு இருந்துச்சி. எழுப்பி இட்லி குட்த்தேன், ஒரு வாய் துன்னுச்சி, அப்பவே கக்கிட்ச்சி."

மேடம் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த கோபியைத் திரும்பிப் பார்த்தார். "நுவ்வு செப்பு நாயனா, நீ சொல்லுப்பா. அக்கா குளிக்கப் போனப்ப பாப்பா சிரிச்சதா?"

"சிரிச்சிதுங்க மேடம். நல்லாதான் இருந்துச்சி" என்றான். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

மேடம் அவனை அதற்கு மேல் கேட்கவில்லை. எங்களைப் பார்த்து மெதுவாக, "கந்தம் துடவண்டி" என்றார். சந்தனத்தைத் துடையுங்கள்.

ஒரு நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தாள். முனிரத்தினம் குறுக்கே வந்து நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "வேணாம்மா. இன்னும் சாமியப் பாக்கல. தரிசனம் ஆவாம சந்தனத்தத் துடைக்கக் கூடாது. இன்னா வேணாலும் செய்ங்க, ஊசி போடுங்க, அதை மட்டும் தொடாதீங்க. ஒண்ணு ஏற்கெனவே போய்ட்ச்சி எங்களுக்கு."

அவரைத் தள்ளிவிட்டுத் துடைத்திருக்கலாம். பல இடத்தில் அதைத்தான் செய்வார்கள், நேரமும் இல்லை. ஆனால் தள்ளிவிட்டால் அந்த அறையில் ஒரு சண்டை வரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், வழியில் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, இது உன் வேலை என்று அர்த்தம்.

பக்கத்தில் டீ ஆற்றுகிற எவர்சில்வர் கிண்ணம் ஒன்று இருந்தது. அதைக் கழுவி, பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டேன். "நாங்க யாரும் தொடல அண்ணா" என்று முனிரத்தினத்திடம் சொன்னேன். "மடியில வெச்சி மொட்ட போட்டது தாய்மாமன். அவரே துடைக்கட்டும். ஒரு துளிகூட கீழ போவாது, இந்தக் கிண்ணத்துலயே இருக்கும். தேறினதும் நீங்களே திருப்பிப் பூசி தரிசனத்துக்குக் கூட்டிக்கினு போங்க."

அவர் சுமதியைப் பார்த்தார். சுமதி தலையசைத்தாள். அவர் விலகினார்.

கோபி முன்னால் வந்தான். துணியை நனைத்துக் கொடுத்தேன். நெற்றியிலிருந்து ஆரம்பித்தான். உச்சி, பின்மண்டை, இடது பக்கம் எல்லாம் துடைத்தான். நன்றாகத் துடைத்தான், குழந்தையைக் குளிப்பாட்டிப் பழகிய கை. வலது காதுக்கு மேலே மட்டும் போகவில்லை. சுற்றிச் சுற்றி வந்து மறுபடி இடது பக்கத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். மற்ற இடத்தில் மெலிசாகக் காய்ந்திருந்த சந்தனம் அங்கே மட்டும் இரண்டு தரம் பூசியது போலத் தடிப்பாக இருந்தது. மேடம் எழுந்து அவன் கையின் மேல் தன் கையை வைத்து, இரண்டு கையாகச் சேர்த்து அந்த இடத்தைத் துடைத்தார். அடியில் வீக்கம். நானும் தொட்டுப் பார்த்தேன். கனிந்த தக்காளியைத் தொட்டது போலிருந்தது.

அதற்குள் குழந்தையின் ஒரு கண்மணி விரிய ஆரம்பித்துவிட்டது, மண்டைக்குள்ளே ரத்தம் அழுத்துகிற அடையாளம். மேடம் இரண்டே வாக்கியம் சொன்னார். ஸ்கேன், அறுவை டாக்டர். டிராயர் திறந்தது, குழாய் சரியான அளவில் கைக்கு வந்தது, மருந்து எடைக்குச் சரியாகப் போனது. ஒத்திகை பார்த்ததெல்லாம் ஒத்திகை போலவே நடந்தது. நான் கோபியின் தோளைத் தொட்டு, "கிண்ணத்தை எடுத்துக்கினு வாங்க" என்று வெளியே தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே எதுவும் கேட்கவில்லை. கிண்ணத்தை மூடி வைத்தேன். அவனே சொன்னான். "தோள்மேல உக்கார வெச்சிக்கினு படியில எறங்கினேன் சிஸ்டர். ரூம் வாசப்படி, கல்லுப் படி. காலு ஈரம். வழுக்கிட்ச்சி. நான் புடிச்சேன், கைக்கு வர்ல. அழுதுச்சி, அப்புறம் என்னப் பாத்து சிரிச்சிது. சரியாப் போச்சின்னு நெனைச்சேன். வீங்கிச்சி. அக்கா பாத்தா பதறும்னு மேல கொஞ்சம் சந்தனம் பூசினேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"டாக்டருக்கு இப்பவே சொல்லணும், அது குழந்தைக்கு வேணும்" என்றேன். "அக்காவுக்கு நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

மேடத்திடம் சொன்னேன். எந்த உயரம், என்ன படி, எப்போது என்று சொன்னேன். கேஸ் தாளில் ஏறியது, போலீசுக்கும் தகவல் போனது. அறுவை நடந்தது. பெற்றவர்களிடம் தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று மேடம் சொன்னபோது கோபி பக்கத்திலேயே நின்றான். நானும் நின்றேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்போது சுமதி சொன்ன வார்த்தைதான் எங்களை உலுக்கிவிட்டது. "ஜீப்ல நான் கண் அசந்துட்டேன் மேடம். வளைவுல தலை கம்பியில இடிச்சிருக்கும். நான்தான், நான்தான்."

வெளியே வந்ததும், "நாமளே சொல்லிடலாம் மேடம், அந்தப் பொண்ணு தன்னையே கொன்னுக்கும்" என்று மேடத்திடம் கோபமாகவே சொன்னேன். மேடம் ரொம்ப மெதுவாகப் பேசினார். "ஜீப்ல பட்ட அடி இல்ல, அதுக்கு முன்னாடியே பட்டதுன்னு அந்தப் பொண்ணுக்கு இப்பவே சொல்றேன். ஆனா யார் கையிலேன்னு அவன் சொல்லணும். அவன் சொன்னா அந்த வீட்ல அவனுக்கு ஒரு இடம் இருக்கும். நாம சொன்னா இருக்காது. நாளைக்குப் போலீஸ் வரும், அது வரைக்கும் பாப்போம்." அவர் சொன்னபடியே சுமதியிடம் சொன்னார். சுமதி கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. ஜீப், ஜீப் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிண்ணத்தின் கதை இங்கேயே முடிகிறது, பவானி. அந்த வாரமே மேடம் அதை எடை மெஷின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மொட்டை போட்ட எந்தக் குழந்தை வந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் அவர்கள் ஆளே துடைக்க வேண்டும். துடைத்ததை எறியாமல் மூடி வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் இருந்தவரை ஒரு குடும்பம்கூட மறுத்ததில்லை. சந்தனத்துக்கு அடியில் வேறு குழந்தைகளுக்குத் தேள் கொட்டிய தடம் இருந்திருக்கிறது, சீழ் இருந்திருக்கிறது, ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல். தேஜுவுக்கு இது கொஞ்சம் முன்னால் நடந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று மேடத்தை ஒருமுறை கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆமாம், தேஜு பிழைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டது.

பிணவறை வரைக்கும் போவது உத்தரவில் இல்லாத வேலை. நான் எப்போதும் போவேன். வெளியே வேப்ப மரத்தடியில் மூவரும் இருந்தார்கள். விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷன், அவசரப்படுத்தவில்லை. முனிரத்தினம் என்னைப் பார்த்ததும், "சந்தனத்தத் துடைச்சீங்களேம்மா" என்றார். திட்டவில்லை. அதைவிட அது கஷ்டமாக இருந்தது. சுமதி, "சாமிய ஏன் சொல்ற, நான்தான் தூங்கிட்டனே, பெத்தவளா நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கோபி அந்தக் கையைப் பிடித்தான். "அடிச்சிக்காதக்கா. ஜீப்ல இல்ல. நான்தான். என் தோள்லேர்ந்துதான் வுழுந்துச்சி. மறைச்சிட்டேன். சாமியும் இல்ல, சிஸ்டரும் இல்ல. நான்தான்க்கா."

முனிரத்தினம் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவர் அடிக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுமதி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். உள்ளே பிணப் பரிசோதனை முடிந்தது.

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முனிரத்தினம் எழுந்து வரவில்லை. சுமதிதான் வாங்கினாள். வண்டி வந்து நின்றது. அவள் ஏறுவாள் என்று பார்த்தேன். ஏறவில்லை. திரும்பி, தூரத்தில் நின்றிருந்த தம்பியிடம் நடந்து போனாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"ஏறி உக்காரு" என்றாள். "நீ மாமன். ஊரு வரிக்கும் உன் மடியிலயே வெச்சிக்கினு வா."

அது மன்னிப்பா, தண்டனையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாந்திபுரம் போக நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் குழந்தையை அவன் மடியில் கிடத்திவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வண்டி கிளம்பியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இனிமேல் வலிக்கப் போகிற தலையில்லை அது. அவன் அதற்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, பள்ளத்தில் வண்டி ஆடும்போதெல்லாம் கொஞ்சம் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.